சட்டத்தில் நிற்கும் கூண்டு

தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தச்சரைக் கேட்டால், சன்னலைச் சுற்றிலும் கட்டிலின் நான்கு பக்கங்களிலும் ஓடுகிற மரத்தைச் சட்டம் என்பார். வழக்கறிஞரைக் கேட்டால், அரசு இயற்றும் விதியைச் சட்டம் என்பார். ஒன்று கையால் தொடக்கூடியது. மற்றொன்று ஏட்டில் இருப்பது. ஆயினும் இரண்டும் செய்கின்ற வேலை ஒன்றே. தளர்ந்து சரியக்கூடியவற்றை ஓர் ஒழுங்கிலே பிணைத்து நிறுத்துவதே அவ்வேலை. இன்று நாம் பார்க்கப்போகும் வரலாற்றிலே இவ்விரு சட்டங்களுக்கும் இடம் உண்டு.

மேடு பள்ளங்களில் ஓடும் வண்டி சில வேளைகளில் கவிழ்ந்துவிடுகிறது. அப்போது ஓட்டுபவர் நசுங்காமல் காக்க, அவரைச் சுற்றி இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு அமைக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ரோல் கேஜ்' என்று வழங்கும் இதனை நாம் காப்புக் கூண்டு என்போம். கூண்டு என்றதும் குழாயின் தடிப்பையும் உறுதியையுமே பலரும் எண்ணுவர். ஆனால் எழுபது ஆண்டுக்கால அனுபவம் வேறொரு கேள்வியை முன்னே வைக்கிறது. அந்தக் கூண்டு எதன்மேல் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே காப்புக் கூண்டின் வரலாறு எனலாம்.

கரூர், நாமக்கல் பக்கத்துச் சாலைகளில் செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பாடி கட்டப்படாத லாரிகள் வெறும் எலும்புக்கூடாக ஓடிவரும். நீண்ட இரண்டு இரும்பு உத்திரங்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் சில கட்டைகள், முன்னே எஞ்சின், கீழே அச்சுகளும் சக்கரங்களும். ஏணியைப் படுக்கவைத்தாற் போன்ற இந்த அமைப்பே அடிச்சட்டம். தொழிலாளர் இதனைச் சேஸிஸ் என்பர். அந்த ஊர்களின் தொழிற்கூடங்களில் இதன்மேல் பாடி கட்டப்படுகிறது. ஆகவே லாரியின் உயிர்நிலை அடிச்சட்டத்தில் இருக்கிறது; பாடி அதற்கு உடுத்திய ஆடை போன்றது.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் எல்லா வண்டிகளுமே இப்படித்தான் செய்யப்பட்டன. 1908-ஆம் ஆண்டு முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' மாடல் கார், அடிச்சட்டத்தின்மேல் பாடியைப் பொருத்திய வண்டியே. 1922-ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த லான்சியா லாம்டாவும், 1934-இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோயன் டிராக்சியான் அவானும் வேறொரு வழியைக் காட்டின. அவற்றில் தனியான அடிச்சட்டம் இல்லை. பாடியே எலும்பாகவும் தோலாகவும் இருந்தது. நாளடைவில் பெரும்பாலான கார்கள் அந்த வழியே சென்றன. ஆனால் பாரம் சுமக்கும் லாரிகளும், பாதையில்லா நிலத்தில் ஓடும் வண்டிகளும் பெரும்பாலும் அடிச்சட்டத்தை விடவில்லை. கரடுமுரடான நிலத்தில் ஒரு சக்கரம் மேலேறி மறுசக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, அச்சட்டம் சற்றே முறுகிக்கொடுத்து அந்த வலிமையைத் தாங்கும். பாடியும் சேர்ந்து முறுகிக் கிழிந்துவிடாதபடி, இரண்டுக்கும் இடையே ரப்பர் மெத்தைகளை வைத்துப் போல்ட்டால் இணைப்பார்கள். இந்த ரப்பர் மெத்தைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவற்றைப் பற்றி ஒரு சிக்கல் எழப்போகிறது.

பாதையில்லா நிலத்தில் ஓடும் வண்டியை உலகெங்கும் கொண்டு சேர்த்தது இரண்டாம் உலகப் போர். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஏறக்குறைய ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஜீப்புகளைச் செய்தன. அந்த ஜீப்புக்குக் கூரை என்று சொல்லத்தக்கது கித்தான் துணி மட்டுமே. முன்கண்ணாடியையும் மடித்துப் படுக்கவைக்கலாம். ஐரோப்பியப் போர்முனையில் சாலையின் குறுக்கே எதிரிகள் மெல்லிய கம்பியைக் கட்டிவைத்தார்கள். கண்ணாடியை மடித்துவிட்டு விரைந்து வருவோரின் கழுத்தை அது அறுத்துவிடும். அதற்கு மாற்றாக, ஜீப்பின் முன்புறத்தில் நெட்டுக்குத்தாக ஓர் இரும்புக் கோணத்தை நிறுத்தி, அதன் நுனியில் கம்பியை அறுக்கும் கொக்கியை அமைத்தார்கள். அதைத் துணிக்கூரையிலோ கண்ணாடியிலோ பொருத்தியிருந்தால் என்ன பயன்? வண்டியின் உறுதியான முன்கட்டையோடு பிணைத்தார்கள். உயிரைக் காக்கும் இரும்பு வண்டியின் எலும்பில் ஊன்ற வேண்டும் என்ற உண்மையை அந்தப் போர்வீரர்கள் உணர்ந்திருந்தார்கள்.

போர் முடிந்ததும் ஜீப் உழவர்களிடமும் வேட்டைக்காரர்களிடமும் மலையேறும் இளைஞர்களிடமும் வந்து சேர்ந்தது. 1948-இல் இங்கிலாந்தில் லாண்ட் ரோவர் பிறந்தது. வண்டிகள் செங்குத்தான சரிவுகளில் ஏறின. சில கவிழ்ந்தன.

வண்டி ஏன் கவிழ்கிறது? இதற்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும். வண்டியின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்வோம். அதனை ஈர்ப்பு மையம் என்கிறோம். இடவலச் சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலம், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலமும் உயரமும் சமம். ஆகவே நிற்கும் வண்டி 45 பாகைச் சரிவு வரை கவிழாது. பெரிய சக்கரங்களை மாட்டி, வில்களை உயர்த்தி, ஈர்ப்பு மையத்தை ஒரு மீட்டருக்குக் கொண்டுபோனால், அந்த எல்லை 37 பாகைக்கு இறங்கிவிடும். ஓடும் வண்டி ஒரு கல்லில் மோதினாலோ சட்டென்று திரும்பினாலோ இந்த எல்லைக்கு முன்பே புரண்டுவிடும். கரடுமுரடான நிலத்துக்கென்று வண்டியை உயர்த்துகிற ஒவ்வொரு முயற்சியும் அது கவிழ்வதற்கான வாய்ப்பையும் சேர்த்தே உயர்த்துகிறது.

கவிழ்ந்தபின் நேர்வது என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு டன் எடையுள்ள வண்டி அரை மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுகிறது, பத்து செ.மீ. நசுங்கிய பின் நிற்கிறது என்று கொள்வோம். அந்தப் பத்து செ.மீ. தூரத்தில் அதைத் தாங்குகிற பொருளின்மேல் விழும் சராசரி விசை வண்டியின் எடையைப் போல் ஆறு மடங்கு. அதாவது பன்னிரண்டு டன். நிலம் மிகக் கடினமாயிருந்து ஐந்து செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால் அது இருபத்திரண்டு டன் ஆகிவிடும். இவ்வளவு பாரத்தை ஒரு மில்லிமீட்டர் அளவே தடித்த கூரைத்தகடு தாங்குமா? தாங்காது என்பது வெளிப்படை. ஆகவே அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு போய், தாங்க வல்ல ஓரிடத்தில் சேர்ப்பதற்கு ஒரு வழி வேண்டும். கூண்டு அந்த வழியேயாகும்.

இந்த உண்மையை முறையான சோதனைகளால் நிலைநாட்டி, அதை ஒரு நாட்டின் வழக்கமாகவே ஆக்கிய பெருமை பந்தயக்காரர்களைச் சேர்ந்ததன்று. அது ஸ்வீடன் நாட்டின் வயல்களிலே நடந்தது.

டிராக்டர் உழவனின் எருதுக்கு மாற்றாக வந்தது. ஆனால் எருது உழவன்மேல் விழுந்து அவனைக் கொன்றதில்லை, டிராக்டர் கொன்றது. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அது பக்கவாட்டில் புரளும். பின்சக்கரம் சேற்றில் சிக்கியிருக்கும்போது விசையை மிகுத்தால், பின் அச்சைச் சுற்றி முன்பகுதி மேலெழுந்து வண்டி மல்லாந்துவிடும். அப்படி மல்லாந்து தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடியே ஆகிறது. ஆபத்தை அறிந்து, முடிவு செய்து, இருக்கையை விட்டு எழுந்து குதிப்பதற்கு மனிதனுக்கு அந்த நேரம் போதாது. கவனமாக ஓட்ட வேண்டும் என்ற அறிவுரை நல்லதே; ஆனால் அறிவுரையால் மட்டும் சாவு குறையவில்லை.

ஸ்வீடனில் ஊப்சாலா நகரத்தை அடுத்த உல்டுனாவில் வேளாண்மைக் கருவிகளைச் சோதிக்கும் அரசு நிலையம் இருந்தது. அங்கே ஹரால்டு மோபெர்க் என்பவர் 1950-களில் டிராக்டரின் காப்பு அறைகளைச் சோதிக்க ஒரு முறையை வகுத்தார். 2,000 கிலோ எடையுள்ள ஒரு பெரும் குண்டைச் சங்கிலிகளில் ஊசல்போல் தொங்கவிடுவார்கள். டிராக்டரைத் தரையோடு இறுகக் கட்டி நிறுத்திவிட்டு, அந்தக் குண்டைப் பின்னுக்கு இழுத்து விடுவார்கள். பின்புறத்திலிருந்து ஓர் அடி. பக்கத்திலிருந்து ஓர் அடி. காப்பறை வளையலாம், அது குற்றமன்று. வளையும்போதுதான் அடியின் ஆற்றலை அது உண்டுவிடுகிறது. ஆனால் முறியக்கூடாது, ஓட்டுநர் அமர்ந்திருக்கும் இடத்துக்குள் புகவும் கூடாது. அந்தச் சிறிய வெளியைக் காப்பதே சோதனையின் நோக்கம்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. டிராக்டருக்கு லாரியைப் போல் ஏணிச் சட்டம் பெரும்பாலும் இல்லை. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் முதற்கொண்டு, எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, பின் அச்சின் உறை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து அவற்றையே முதுகெலும்பாகக் கொள்ளும் முறை பரவியிருந்தது. ஆகவே காப்புச் சட்டத்தின் கால்களைப் பின் அச்சின் கனத்த உறையோடு போல்ட்டால் பிணைத்தார்கள். சக்கரத்தின்மேல் மூடியிருக்கும் தகட்டின்மேல் அதை நிறுத்தியிருந்தால், ஊசற் குண்டின் முதல் அடியிலேயே தகடு கிழிந்து, கூண்டு தனியே பறந்திருக்கும்.

1959-ஆம் ஆண்டு ஸ்வீடன் அரசு இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. புதிய டிராக்டர்களுக்குச் சோதனையில் தேறிய காப்பு அமைப்பு இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. அந்தக் கடமை பின்னர்ப் படிப்படியாகப் பழைய டிராக்டர்களுக்கும் விரிந்தது. 1950-களின் இறுதியில் அந்நாட்டில் ஒவ்வொரு லட்சம் டிராக்டருக்கும் ஆண்டுதோறும் பத்துக்கு மேற்பட்டோர் வண்டி கவிழ்ந்து மாண்டனர். 1990 அளவில் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இதற்கிடையில் ஸ்வீடன் நாட்டு உழவர்கள் பன்மடங்கு கவனமுள்ளவர்களாக மாறிவிட்டார்களா? அன்று, நிலமும் மனிதரும் ஏறக்குறைய அவர்களே. இரும்புச் சட்டத்தை ஏட்டுச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுதான் மாறுதல்.

வயலில் இந்த மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், பந்தயத் திடலிலும் காப்பு வளைவுகள் வந்தன. 1961-ஆம் ஆண்டின் விதிகள் ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு வளைவு இருத்தல் வேண்டும் என்றன. ஆனால் நமது கதைக்கு நெருங்கியது பாலைவனப் பந்தயம். கலிபோர்னியாவுக்குத் தெற்கே, மெக்சிகோ நாட்டின் ஒரு பகுதி நீண்ட தீபகற்பமாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதற்குப் பாஹா கலிபோர்னியா என்று பெயர். அதன் நீளம் முழுவதும் செல்லும் தார்ச்சாலை 1973-இல்தான் நிறைவேறியது. அதற்கு முன்பே, 1967-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், வடக்கே உள்ள டிஹுவானாவிலிருந்து தெற்கே உள்ள லா பாஸ் வரை ஒரு பந்தயம் நடைபெற்றது. கல்லும் மணலும் காய்ந்த ஆற்றுப் படுகையும் நிறைந்த ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் வழி அது. 68 வண்டிகள் கலந்துகொண்டன. மேயர்ஸ் மாங்ஸ் என்னும் சிறிய கண்ணாடியிழை வண்டியில் சென்ற விக் வில்சன், டெட் மாங்கெல்ஸ் ஆகிய இருவரும் 27 மணி 38 நிமிடத்தில் ஊர் சேர்ந்து வெற்றி பெற்றனர். இப்பந்தயமே பின்னர்ப் பாஹா ஆயிரம் என்று உலகப் புகழ் பெற்றது.

பாலைவனத்தில் வண்டி புரண்டால் உதவிக்கு ஆள் வரப் பல மணி நேரம் ஆகலாம். ஆகவே பந்தயத்துக்குச் செல்லும் பிக்கப் லாரிகளுக்குக் கூண்டு இன்றியமையாததாயிற்று. அப்போதுதான் நாம் நினைவில் வைத்த ரப்பர் மெத்தைகள் குறுக்கே வந்தன. கூண்டின் கால்களை எங்கே ஊன்றுவது? பாடியிலா, அடிச்சட்டத்திலா?

பாடியின் தரைத்தகட்டில் ஊன்றுவது எளிது. தனி அடிச்சட்டம் இல்லாத கார்களுக்கு அதுவே முறையும் ஆகும். ஏனெனில் அங்கே பாடியே எலும்பு. அப்படிப்பட்ட கார்களுக்கு உலக மோட்டார் பந்தயக் கழகம் வகுத்துள்ள விதியைப் பார்த்தால், மெல்லிய தகட்டின்மேல் கனத்த பாரத்தை எப்படிப் பரப்புவது என்பது விளங்கும். கூண்டின் ஒவ்வொரு காலுக்கும் கீழே குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள எஃகுத் தகட்டைப் பாடியோடு பற்றவைக்க வேண்டும்; மூன்று போல்ட்டுகளுக்குக் குறையாமல் பூட்டவேண்டும். இல்லாவிட்டால், சேற்று நிலத்தில் கூர்மையான கோலை ஊன்றினாற்போல், குழாய் தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். பலகையின்மேல் நின்றால் சேற்றில் கால் புதையாது அல்லவா? அதுவே இதன் தத்துவம்.

அடிச்சட்டம் உள்ள லாரியில் இந்த முறை மட்டும் போதாது. லாரி தலைகீழாகும்போது எஞ்சின், அச்சுகள், அடிச்சட்டம் ஆகிய கனமான பாகங்கள் எல்லாம் கூண்டுக்கு மேலே வந்துவிடுகின்றன. கூண்டு பாடியில் மட்டும் நின்றால், அவ்வளவு பாரமும் ரப்பர் மெத்தைகளில் உள்ள சில போல்ட்டுகளின் வழியாகவே கூண்டை அடைய வேண்டும். அந்தப் போல்ட்டுகள் பாடியை அடிச்சட்டத்தின்மேல் அமர்த்தி வைப்பதற்கென்று அளவிடப்பட்டவை. புரளும் வண்டியின் இழுப்பைத் தாங்குவதற்காக அல்ல. அவை அறுந்தால் பாடியும் கூண்டும் ஒரு பக்கம், அடிச்சட்டம் ஒரு பக்கம் என்று பிரியும்.

அப்படியானால் பாடியின் தரையில் துளையிட்டு, கூண்டின் கால்களைக் கீழே இறக்கி, அடிச்சட்டத்தோடு நேரே பற்றவைத்துவிடலாமே என்று தோன்றும். பலரும் அவ்வாறே செய்தார்கள். ஆனால் அடிச்சட்டம் முறுகும் இயல்புடையது; பாடி அதனோடு முறுகாமல் ரப்பரின்மேல் அசைகிறது. துளைக்குச் சுற்றிலும் இடம் விடாவிட்டால் குழாய் தகட்டை உரசி அறுக்கும். கூண்டைப் பாடியோடும் ஓரிரு இடங்களில் இணைத்துவிட்டால், கல்லில் ஏறும்போதெல்லாம் இரண்டுக்கும் இடையே இழுபறி நடந்து தகடு வெடிக்கும். இதற்கு மூன்று வழிகளை அனுபவம் காட்டியது. முதலாவது, கூண்டை முழுவதும் அடிச்சட்டத்தைச் சேர்ந்ததாக்கி, பாடியைத் தொடாமல் விட்டுவிடுதல். இரண்டாவது, ரப்பர் மெத்தைகளை நீக்கிவிட்டுப் பாடியையும் அடிச்சட்டத்தையும் இறுகப் பிணைத்து ஒன்றாக்குதல். உடல் குலுங்கும், ஆனால் இழுபறி இராது. மூன்றாவது, கூண்டின் காலைப் பாடியின் தரையோடு இணைத்து, அதற்கு நேர்கீழே அடிச்சட்டத்திலிருந்து ஒரு கனத்த கையை நீட்டி, இடையே கடினமான ரப்பரை வைத்துப் பெரிய போல்ட்டால் பூட்டுதல். அன்றாட ஓட்டத்தில் கூண்டு பாடியோடு அசையும். கவிழும்போது அடிச்சட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும் ஒன்றை மறக்கக்கூடாது. ஓட்டுநரின் இருக்கை, அவரைக் கட்டும் கச்சை, கூண்டு ஆகிய மூன்றும் ஒரே அமைப்பைச் சேர்ந்திருக்க வேண்டும். கூண்டு அடிச்சட்டத்தில், இருக்கை பாடியில் என்று இருந்தால், விபத்தின்போது இரண்டும் வெவ்வேறு திசையில் நகரும். இடையில் அகப்படுவது மனித உடல்.

பற்றவைக்கும் இடத்திலும் அறிவு வேண்டும். அடிச்சட்டத்தின் உத்திரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பல லாரிகளில் அது பகர எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போல் இருக்கும். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இரண்டையும் இணைக்கும் நெட்டுப் பக்கம். பாரத்தால் உத்திரம் வளையும்போது மிகுந்த தகைவை ஏற்பவை அந்த விளிம்புகள். அவற்றின் குறுக்கே பற்றவைத்தாலும் துளையிட்டாலும், வெப்பத்தால் தன்மை மாறிய அந்த இடத்தில் நாளடைவில் வெடிப்பு விழும். எனவே நெட்டுப் பக்கத்தின்மேல் ஒரு தகட்டை வைத்து, அதன் ஓரங்களைச் சாய்வாக வெட்டி, பாரம் ஒரே கோட்டில் விழாமல் பரவும்படி செய்து, அந்தத் தகட்டின்மேல் கூண்டின் காலை நிறுத்துவார்கள். கூண்டிலும் நாற்கோணங்களின் நடுவே மூலைவிட்டமாகக் குழாய்களை இட்டு முக்கோணங்களாக்குவார்கள். நான்கு குச்சிகளால் ஆன சதுரத்தை மூலையில் அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் சாயாது. இதை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இவ்வாறு கூண்டும் அடிச்சட்டமும் நெருங்கி வந்ததன் முடிவு என்ன? கூண்டே சட்டமாகிவிட்டது. 1963-ஆம் ஆண்டின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் வென்றவரான பார்னெலி ஜோன்ஸ், பில் ஸ்ட்ரோப் என்பவரோடு சேர்ந்து 'பிக் ஓலி' என்ற வண்டியில் 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பாஹா பந்தயத்தில் வெற்றி பெற்றார். பார்வைக்கு அது ஃபோர்டு பிரான்கோ; உள்ளேயோ பழைய ஏணிச் சட்டம் இல்லை. எஃகுக் குழாய்களால் பின்னிய ஒரே கட்டமைப்பு சக்கரத்தையும் தாங்கியது, ஓட்டுநரையும் காத்தது. 1994-இல் தொடங்கிய 'டிராஃபி டிரக்' வகுப்பைச் சேர்ந்த பந்தய லாரிகள் இந்த வழியிலேயே செய்யப்படுகின்றன.

ஆனால் கூண்டு ஒரு பாதிதான். புரளும் வண்டிக்குள் கட்டப்படாத உடல், உண்டியலில் குலுங்கும் காசு போன்றது. உறுதியான கூண்டின் குழாயே தலையை உடைத்துவிடும். ஸ்வீடனில் காப்பறைச் சட்டம் வந்த அதே 1959-இல், அதே நாட்டின் வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் வகுத்த மூன்று முனை இருக்கைக் கச்சை கார்களில் இடம் பெற்றது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் மெர்சிடஸ் நிறுவனம், பேலா பாரென்யி என்ற பொறியாளரின் கருத்தின்படி, முன்னும் பின்னும் நசுங்கி நடுவே பயணிகளின் அறை மட்டும் நசுங்காதிருக்கும் காரை வெளியிட்டது. நசுங்கக்கூடாத ஒரு வெளி, அந்த வெளியை விட்டு வெளியே போகாத மனிதன் என்ற இரு கருத்துகளும் ஒரே ஆண்டில் சந்தித்தன. பந்தய வீரர்கள் தலைக்கவசம் அணிவதும், தலைக்கு அருகே உள்ள குழாய்களில் மெத்தை சுற்றுவதும் இக்காரணத்தாலேயே. தலைக்கவசமின்றி ஊருக்குள் ஓட்டும் வண்டியில் அழகுக்காகக் கூண்டு அமைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கூண்டின் எடை ஈர்ப்பு மையத்தைச் சற்று உயர்த்துகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இனி இரண்டாவது சட்டத்துக்கு மீண்டும் வருவோம். அமெரிக்க நாட்டில் 1966-ஆம் ஆண்டு ஜான் டியர் நிறுவனம் டிராக்டருக்கான காப்புச் சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வடிவமைப்பைப் பிற நிறுவனங்களும் விலையின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. பாராட்டத்தக்க செயல். ஆயினும் வாங்குவது உழவரின் விருப்பம் என்று இருந்தவரை பெரும்பாலோர் வாங்கவில்லை. 1976 அக்டோபருக்குப் பின் செய்யப்பட்டு, கூலியாட்கள் ஓட்டும் இருபது குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் காப்புச் சட்டம் கட்டாயமாயிற்று. ஆனால் தம் நிலத்தைத் தாமே உழும் குடும்பத்தார் அந்த விதிக்குள் வரவில்லை. கூலியாளுக்குக் காப்பு, வீட்டுத் தலைவனுக்கும் அவன் பிள்ளைக்கும் இல்லை! 1985 முதல் உற்பத்தியாளர்கள் தாமாகவே எல்லாப் புதிய டிராக்டர்களிலும் அதைப் பொருத்தத் தொடங்கினர். டிராக்டரோ நாற்பது ஐம்பது ஆண்டு உழைக்கும் பொருள். பழைய டிராக்டர்கள் காப்பின்றி ஓடிக்கொண்டே இருந்தன. 2006-இல் நியூயார்க் மாநிலத்தில், பழைய டிராக்டருக்குக் காப்புச் சட்டம் பொருத்துவோருக்குச் செலவில் எழுபது விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. ஸ்வீடனில் சட்டம் வந்து நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றபின் எடுத்த முயற்சி அது. அந்த இடைக்காலத்தில் மாண்டவர்கள் எந்தப் போரிலும் மாண்டவர்கள் அல்லர். வீட்டுக்கு அருகே, தம் வயலிலே, பகல் வெளிச்சத்திலே மாண்டவர்கள்.

இரு நாடுகளிலும் எஃகு ஒன்றே. பொறியியல் அறிவும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு நாடு கூண்டை வண்டியின் சட்டத்தில் ஊன்றியதோடு நில்லாமல் நாட்டின் சட்டத்திலும் ஊன்றியது. மற்றொரு நாடு நெடுங்காலம் அதனை மனிதரின் விருப்பத்தின்மேல் நிறுத்தியிருந்தது. மெல்லிய தகட்டின்மேல் நிறுத்திய கூண்டுக்கு நேர்வது என்ன என்று முன்னே பார்த்தோம். விருப்பம் என்பதும் மெல்லிய தகடே. பாரம் இல்லாதவரை அது தாங்குவது போலத் தோன்றும்.

நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆகலாம். சிலர் விதிகளை இயற்றும் இடத்தில் அமரலாம். முன்னவர் ஒரு குழாயைக் கையில் எடுக்கும்போது, அதன் தடிப்பை அளப்பதற்கு முன் அதன் கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்க்கட்டும். பின்னவர் ஒரு விதியை எழுதும்போது, அதன் நிழலுக்கு வெளியே எவர் நிற்கிறார் என்று பார்க்கட்டும். வண்டி கவிழும் அந்த ஒன்றரை விநாடியில் நாம் செய்யக்கூடியது ஏதுமில்லை. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.